குற்றாலத் தோட்டமும் மார்த்தாண்டத் தேன்கூடும்

குற்றால மலைச்சாரலில் ஜாதிக்காயும் கிராம்பும் இன்றும் விளைகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியார் கீழ்த்திசைத் தீவுகளின் வாசனைப் பயிர்களை இங்கே பரீட்சார்த்தமாகப் பயிரிட்டனர். நெல்லைச் சீமையில் வேளாண் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஆயின் அத்தோட்டம் கும்பெனியின் வாணிபத்தை முன்னிட்டு எழுந்தது. மலையடியில் சிற்றாற்றுத் தண்ணீரைக் கொண்டு கார், பிசானம் என இரு போகம் நெல் விளைவித்தவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. கூலிக்கு நாற்று நட்டவருக்கோ அதன் வேலிக்கு அப்பால் நிற்பதே வழக்கம்.

தென்காசிக்குச் சற்று மேற்கே செங்கோட்டை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததன்று. மலையாள நாட்டு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்தத் திருவிதாங்கூர் இராஜ்யத்தின் தென்பகுதியிலுள்ள மார்த்தாண்டத்திலேதான், 1920களில், முற்றிலும் வேறான ஒரு முயற்சி தோன்றிற்று. இதன் வித்து சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்களுடையது. வேதநாயகம் அசரியாவுடன் 1905இல் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், 1916இல் இந்திய வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் பொதுச் செயலாளரானார். இப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. பட்டணத்து மாணவருக்கென்று ஏற்பட்டிருந்த சங்கத்தை அவர் கிராமத்தை நோக்கித் திருப்பினார். வட்டிக் கடனில் மூழ்கியவனுக்கு வெறும் பிரசங்கம் போதாது என்பதை உணர்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களிலிருந்து தொடங்கினார்.

மார்த்தாண்டத்தில் அப்பணியை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். ஆவி, அறிவு, உடல், சமுதாயம், பொருளாதாரம் ஆகிய ஐந்தையும் பிரிக்காமல் எடுத்துக்கொள்வது அவர்கள் திட்டம். இதைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: அவர்கள் தேர்ந்தெடுத்த தொழில்கள். தேனீ வளர்ப்பு, உயர்ரகக் கோழி, கூட்டுறவு முட்டை விற்பனை, பனைவெல்லம். இவற்றிற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. முன்னர் காட்டுக் கூட்டை அழித்துப் பிழிந்த தேனை, சட்டங்களைக் கழற்றக்கூடிய மரப்பெட்டியில் கூடு கலையாமல் எடுக்கலாம் என்று செய்துகாட்டினர். பெட்டி மலிவாக இருக்கவேண்டும், உள்ளூர்த் தச்சனே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தனர். புறக்கடை மட்டும் உடைய வாலிபனும் தேன் விற்கலானான்.

விடுதலைக்குப் பின் அரசு இப்பணியைப் பெருமளவில் மேற்கொண்டது. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், சரியாக ஓராண்டு கழித்துத் தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கின. கிராம சேவக்குகள் வந்தனர். இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் எழுந்தன. நல்ல பணியே. வீரிய விதையும் உரமும் விளைச்சலை உயர்த்தின என்பதை மறுப்பதற்கில்லை. பாவூர்ச்சத்திரம் சந்தையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளம் செல்லும் காய்கறி வண்டிகளே அதற்குச் சாட்சி. ஆயினும் அதன் அளவுகோல் ஏக்கராயிற்று. 1980களில் வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் முறையில், விரிவாக்க அலுவலர் தொடர்பு விவசாயிகள் சிலரைக் கண்டு பேசினார். செய்தி அவர்கள் வாயிலாகப் பிறரைச் சேரும் என்பது எதிர்பார்ப்பு. நிலமற்ற குடும்பத்துக்குச் சேரவேண்டிய செய்தி அதில் மிகச் சொற்பம். தென்காசி வட்டாரத்தில் அக்குடும்பங்களின் பெண்கள் பீடி சுற்றினர், இன்றும் சுற்றுகின்றனர்.

ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் இறுதியில் சீரகம் விதைக்கிறவனுக்குத் தேவனே போதிக்கிறார் என்று காண்கிறோம். அப்பகுதியை நாம் நிலக்கிழாருக்குரியதாகவே வாசித்துப் பழகிவிட்டோமோ என்று ஐயுறுகிறோம். மார்த்தாண்டத்தார் அப்படி வாசிக்கவில்லை.

அவர்கள் பணி குறையற்றதன்று. நிலவுடைமை என்னும் கேள்வியை அவர்கள் தொடவில்லை. நிலம் வேண்டாத தொழிலைத் தேடியது இரக்கத்தினாலா, அக்கேள்வியைத் தவிர்க்கவா என்று இன்று கேட்பது நியாயமே. ஆனால் 1991ஐ ஒட்டித் தாய் சாக்புரூட் எனப்படும் நச்சுயிரி நோய் பரவித் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்கள் பேரளவில் மடிந்தபோது, எஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கி அத்தொழிலை வளர்ப்போர் மீண்டும் நிலைநிறுத்தினர். அதற்குள் ஹாட்ச் மார்த்தாண்டத்தை விட்டுச் சென்று அரை நூற்றாண்டு கடந்திருந்தது.