தொட்டியின் மட்டமும் பச்சைப் புள்ளியும்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் பொருத்திய அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று. அலுவலகச் செயலியில் நம் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மற்றொன்று. முன்னதை ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சாலிடரிங் அயர்னும் யூடியூபுமாக உட்கார்ந்து நாமே செய்துகொள்கிறோம். பின்னது வேலையில் சேர்ந்த நாளில் லேப்டாப்போடு கைக்கு வந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட முகாந்திரம் ஏதுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவை. மாடிப்படி ஏறாமல் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டும். இருக்கையை விட்டு எழாமல் அவர் இருக்கிறாரா என்று அறிய வேண்டும்.

தொட்டிக்கு முன்பே ஓர் அறிவிப்பாளர் உண்டு: நிரம்பி வழியும் குழாய். பக்கத்து வீட்டுச் சன்னலோரம் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் "மோட்டாரை நிறுத்துங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அலுவலகத்துக்கும் அப்படி ஒன்று உண்டு: வருகைப் பதிவேடு. நேரம் தப்பி வந்தால் சிவப்பு மையில் ஒரு குறி. வழியும் குழாய் நிரம்பிய கணத்தை மட்டும் சொல்லும். பாதித் தொட்டியைப் பற்றி அதற்குப் பேச்சே கிடையாது. பதிவேடு வந்த கணத்தை மட்டும் சொல்லும். வந்தவர் பிறகு என்ன ஆனார் என்பது அதற்குத் தெரியாது. நாற்காலியில் பையை வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு நழுவும் கலை இந்த அறியாமையை நம்பித்தான் வளர்ந்தது. புதிய கருவிகள் இரண்டும் கைவைத்தது, அதுவரை யாரும் பார்க்காமல் கிடந்த இந்த நடுப்பகுதியில்.

இந்தச் சோம்பலுக்குக் கேம்பிரிட்ஜில் ஒரு பூர்வீகம் இருக்கிறது. அங்கும் இரட்டைப் பிறவிதான். 1991-இல் அங்குள்ள பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை என்று பெயர்பெற்ற அறைக்கு வெளியே இருந்த காபிக் குடுவையை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பிவைத்தார்கள். கட்டடத்தின் வேறு பகுதிகளில் இருந்தவர்கள் நடந்து வந்து காலிக் குடுவையைப் பார்த்துத் திரும்பும் ஏமாற்றத்தைத் தவிர்க்க குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் செய்த ஏற்பாடு அது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே ஊரின் ஒலிவெட்டி ஆய்வகத்தில், ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் குழுவினர் சட்டையில் அணியும் 'ஆக்டிவ் பேட்ஜ்' ஒன்றை உருவாக்கினர். அணிந்தவரின் அடையாளத்தை 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் அது அறிவிக்கும்; அறைகளில் இருந்த உணரிகள் அதை வாங்கிக்கொள்ளும்; வரவேற்பாளர் திரையைப் பார்த்து, அழைப்பை அவர் இருக்கும் அறைக்கே திருப்பிவிடுவார். குடுவையின் படமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. 15 நொடி, 20 நொடி: காபிக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே தாளம்.

அதன்பின் இரண்டின் வழிகளும் பிரிந்தன. குடுவை 1993-இல் இணையத்தில் ஏறி உலகப் புகழ் பெற்றது. 2001-இல் கேமராவை நிறுத்தியபோது அந்தக் குடுவையை ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தது. பேட்ஜைப் பற்றி எழுதும் இடமெல்லாம் தனியுரிமை பற்றிய கேள்வியும் கூடவே வந்தது. தொட்டிச் சென்சாரைக் குடுவையின் வாரிசு என்றும், பச்சைப் புள்ளியைப் பேட்ஜின் வாரிசு என்றும் கொள்ளலாம். வம்சாவளி இப்படித் தெளிவாக இருந்தாலும் பங்காளிகளின் முகச்சாயல் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை என்பதை இனிப் பார்க்கப்போகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால், இரண்டுமே கடிகாரங்கள். சென்சார் தண்ணீரை அளப்பதில்லை. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஏறத்தாழ 5.8 மில்லிநொடி. புள்ளி வேலையை அளப்பதில்லை. விசைப்பலகையோ மவுஸோ கடைசியாக அசைந்ததிலிருந்து கழிந்த நேரத்தை எண்ணுகிறது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் 5 நிமிடம் கடந்தால் மஞ்சள், ஸ்லாக்கில் 10 நிமிடம் கடந்தால் 'வெளியே'. ஏழு நிமிடத் தேநீர் ஒரு செயலியில் 'வெளியே', மற்றொன்றில் 'இருக்கையில்'. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் திறந்துவைத்திருக்கும் ஊழியர் அந்த நேரத்தில் இருக்கிறாரா இல்லையா என்பது எந்தச் செயலியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் திரையில் தெரிவது மில்லிநொடியோ நிமிடமோ அல்ல. அங்கே 62 விழுக்காடு என்றும் இங்கே பச்சை என்றும் ஒரு தீர்ப்பு தெரிகிறது. கழிந்த நேரம் எப்படித் தீர்ப்பாக மாறியது என்பதை வீட்டில் ஒருவராவது அறிவார், நிரலை எழுதியவர் அவரே என்பதால். அலுவலகத்தில் அதைக் கேட்பவர்கூட அரிது.

கடிகாரங்கள் என்பதால் இரண்டும் கடிகாரத்துக்கே உரிய பொய்களைச் சொல்கின்றன. மோட்டார் ஓடும்போது நீர்ப்பரப்பு அலைபாய்ந்து ரீடிங் குதிக்கும். மூடியின் உட்புறத்தில் வியர்த்து நிற்கும் நீர்த்துளி, எதிரொலியைப் பாதிவழியில் திருப்பி அனுப்பும். சிலந்திக்கும் அந்த இடம் மிகவும் பிடிக்கும். பரவலாகப் பயன்படும் நீர்புகா வகைச் சென்சார்களுக்குக் கண்ணெதிரே 20, 25 சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி உண்டு. ஆகவே உயர்த்திப் பொருத்தாவிட்டால், தொட்டி நிரம்பும் அந்த முக்கியமான கட்டத்தில்தான் அது உளறத் தொடங்கும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி, 40 டிகிரியில் ஏறத்தாழ 355 மீட்டர் ஓடுகிறது. நிரலில் பழைய வேகத்தையே எழுதிவைத்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் உயர்ந்துவிட்டதாகத் தோன்றும். சித்திரை வெயிலில் ஒரு சொட்டும் சேராமலே தொட்டி கொஞ்சம் நிறைகிறது.

புள்ளியின் பொய்கள் இதற்கு இணையானவை, எதிர்த்திசையில். அச்சிட்ட ஒப்பந்தத்தைப் பேனாவோடு படிப்பவர் மஞ்சளாகிறார். நிரலில் ஒரு பிழை ஏன் வருகிறது என்று சுவரை வெறித்து யோசிப்பவர் மஞ்சளாகிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பலகையில் படம் வரைந்து விளக்குபவர் மஞ்சளாகிறார். தேவையில்லாத மின்னஞ்சல்களைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் பச்சையாகவே இருக்கிறார். சென்சாருக்குக் குருட்டுப் பகுதி தொட்டியின் விளிம்பில். புள்ளிக்கு அது யோசனையின் நடுவில்.

இங்கேதான் இரண்டுக்கும் முதல் பெரிய வேறுபாடு. தான் அளக்கப்படுவது தண்ணீருக்குத் தெரியாது. ஊழியருக்குத் தெரியும். ஆகவே மவுஸைத் தானாக அசைக்கும் சிறு கருவிகள் கடைக்கு வந்தன. செலவில்லாத வழியும் உண்டு, ஒளியால் இயங்கும் மவுஸைக் கைக்கடிகாரத்தின் ஓடும் நொடிமுள்ளின் மேல் வைத்துவிடுவது. ஒரு கடிகாரத்தை ஏமாற்ற இன்னொரு கடிகாரத்தையே அமர்த்தும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் பாவனை காட்டியதாகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது செய்தியானது. பொய் ரீடிங் தந்ததற்காக எந்தத் தொட்டியையும் யாரும் நீக்கியதில்லை. வீட்டில் செய்பவர் ஐந்தாறு ரீடிங் எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை வைத்துக்கொள்கிறார். அலுவலகத்தில் ஒரு பார்வை போதுமானதாகிவிடுகிறது.

தானியங்கி மோட்டார் வைத்தவர்கள் அடுத்து ஒன்றைக் கற்கிறார்கள். நீர் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மோட்டார் ஓடட்டும், அதைத் தொட்டதும் நிற்கட்டும் என்று ஒற்றைக் கோடு போட்டால், அலையின் ஒவ்வொரு அசைவுக்கும் ரிலே டிக்டிக்கென்று அடித்துக்கொள்ளும். விரைவில் ரிலேவும் போகும், மோட்டாரும் போகும். அதனால் இரண்டு கோடுகள்: 25-க்கு இறங்கினால் ஓடு, 90-க்கு ஏறினால் நில். நடுவில் இருப்பது நிம்மதிப் பகுதி, அங்கே என்ன நடந்தாலும் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. பச்சைப் புள்ளிக்கு அந்த இடைவெளி இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் மஞ்சள். ஒரு விரல் பட்டதும் பச்சை. தேநீர்க் கோப்பையோடு நின்றபடி லேப்டாப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும் மனிதரிடம் அந்த ரிலேயின் படபடப்பை அப்படியே காணலாம். சில நூறு ரூபாய் மின்சுற்றுக்குத் தரும் பரிவை, மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவருக்குத் தரத் தோன்றவில்லை என்பது வடிவமைத்தவர்களின் குறை என்றே கருதுகிறேன்.

ஆனால் தொட்டிக்கு நற்சான்று கொடுப்பதற்கு முன் அதன் வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். காலை ஆறேகாலுக்கு ஒரு சரிவு: யாரோ குளிக்கிறார். எட்டரைக்குப் படிப்படியாக இறங்கும் கோடு: வாஷிங் மெஷின். மதியம் மூன்று மணிக்குத் தொடர்ந்து இறங்கினால் குழாய் மூடவில்லை. உடனே அலுவலகத்திலிருந்து மருமகள் போன் செய்கிறாள்: "அத்தை, பின்பக்கக் குழாய் திறந்திருக்கா?" செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாமியாருக்கு, தான் பார்க்கப்படுவது அந்த நொடியில் தெரிகிறது. குடுவையின் வாரிசு சத்தமில்லாமல் பேட்ஜின் வேலையைச் செய்துவிட்டது. தண்ணீரை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட கருவி, அதைப் புழங்குகிறவர்களை அளந்துகொண்டிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வெளியூரில் இருக்கும் மகன், பெற்றோர் வீட்டுத் தொட்டியின் காலைச் சரிவைப் பார்த்து, இருவரும் எழுந்து நடமாடுகிறார்கள் என்று நிம்மதியடைகிறான். அதே இயல்பில், இரவு 11.40-க்குப் பச்சையாக எரியும் புள்ளியைப் பார்த்து "இன்னும் தூங்கலையா? காலையில பாத்துக்கலாம், மூடி வைங்க" என்று செய்தி அனுப்பும் மேலாளரும் இருக்கிறார். புள்ளியின் தொடக்க நோக்கமே மரியாதைதான். கூட்டத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமலிருக்க ஒரு குறிப்பு, அவ்வளவே. மாமியாரைத் திடுக்கிட வைத்த அதே கோடு மகனை ஆற்றுகிறது. தூங்கச் சொன்ன அதே புள்ளி வேறொரு கையில் கணக்குக் கேட்கிறது.

எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கிறது என்பதில் இரண்டும் மீண்டும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. பேட்ஜின் அமைப்பில் ஒருவர் போய்வந்த இடங்களைக் கேட்டால் ஒரு மணி நேரக் கதை கிடைக்கும். மேசை இழுப்பறையில் போட்டால் இருட்டை உணர்ந்து பேட்ஜே அடங்கிவிடும். வீட்டுக் கருவிகளை இணைக்கப் பலர் பயன்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட், இயல்பாக 10 நாள் விவரத்தை வைத்திருக்கிறது. மணிக்கணக்கான சுருக்கத்தையோ அழிப்பதே இல்லை. பச்சைப் புள்ளி, பார்ப்பவருக்கு இந்தக் கணத்தை மட்டும் காட்டுகிறது; ஆனால் அதன் பக்கத்து அறையில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் 365 பயன்பாட்டு அறிக்கைகள் 180 நாள் வரை பின்னோக்கிச் செல்லும். 2020 இறுதியில் அந்நிறுவனம் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஊழியர் பெயரோடு மதிப்பிடும் வசதியைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 1 அன்று பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. 2021 முதல் பயன்பாட்டு அறிக்கைகளிலும் பெயர்கள் இயல்பாக மறைக்கப்படுகின்றன. நிர்வாகி நினைத்தால் திரும்பக் காட்டலாம்.

தொட்டியும் புள்ளியும் நேருக்கு நேர் சந்தித்த காலம் ஒன்றைச் சென்னைவாசிகள் அறிவார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, லாரித் தண்ணீரும் எட்டாத நிலையில், ஓ.எம்.ஆர். சாலையின் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அலுவலகத் தொட்டி காலியானதால் ஊழியர் வீட்டுக்குப் போனார்; வீட்டுக்குப் போனதால் புள்ளியின் மதிப்பு கூடியது. கொரோனாவுக்குச் சில மாதங்களுக்கு முன்பே நடந்த ஒத்திகை அது.

அதிலிருந்து ஒரு விசித்திரம் புலப்படுகிறது. சென்சார் தேவைப்படுவது நாம் அலுவலகத்தில் இருக்கும்போது. வீட்டில் இருந்தால் ஒரு எட்டு மாடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம். புள்ளி தேவைப்படுவது நாம் வீட்டில் இருக்கும்போது. அலுவலகத்தில் இருந்தால் தலையைத் திருப்பினால் போதும். மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்ற இன்றைய ஏற்பாட்டில் இரண்டும் முறைவைத்து வேலை செய்து, முறை இல்லாத நாளில் ஓய்ந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளிலும், தலைக்கு நேர் மேலே இருக்கும் தொட்டியின் விழுக்காட்டைக் கைப்பேசியில்தான் பார்க்கிறோம். அலுவலகம் போன நாளிலும், அடுத்த நாற்காலியில் இருப்பவரைக் கூப்பிடுமுன் அவருடைய புள்ளி என்ன நிறம் என்று திரையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறோம்.