வேப்பம்பூப் பச்சடியும் கொச்சி யூதர்களும்

வரலாற்றுப் பாடம் எடுத்து நாளாயிற்று, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூதர்களுக்குப் பஸ்கா என்றொரு பண்டிகை உண்டு. நம் பங்குனி அல்லது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும். (அவர்களும் நிலவைப் பார்த்து மாதம் எண்ணுபவர்கள்தான். 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.) அன்று இரவு புளிக்காத ரொட்டியும் கசப்புக் கீரையும் சாப்பிடுவார்கள். இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். பெரியவர்கள் எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த கதையைச் சொல்வார்கள். கேள்வியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள்! வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு எழுதினான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, சுங்க விலக்கு எல்லாம் அதில் உண்டு. எழுத்து வட்டெழுத்து. நம் யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770-ல் வெட்டினார்களே, அதே எழுத்துதான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய அவர்களுடைய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. 1968-ல் நடந்த 400-ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தியே வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள். போர்த்துக்கீசியர் தொல்லை கொடுத்த காலத்தில் கொச்சி ராஜா இடம் கொடுத்துக் காத்தார். அவர்களை யாரும் விரட்டவில்லை. ஆனாலும் இஸ்ரேல் உருவானபின், 1950-களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்.

கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் தேறாமல் போயிற்று. தொங்கும் விளக்குகள் இருக்கின்றன, தரையில் நீலப் பூவேலைச் சீன ஓடுகள் இருக்கின்றன. ஆள்தான் இல்லை.

எங்கள் வீட்டிலும் சித்திரை முதல் நாள் இலை போட்டால் நானும் என் மனைவியும்தான். போன வருடம், மீந்த வேப்பம்பூப் பச்சடியை மாலையில் வீடியோவில் காட்டினேன். "அது என்ன தாத்தா, கருப்பா மிதக்குது?" என்றாள் அமெரிக்காவில் இருக்கும் பேத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே பள்ளி வண்டி வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் யார் கேட்கிறார்கள், யார் சொல்கிறார்கள்? கீழே எழுதுங்கள். பச்சடிக்கு வெல்லம் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே அதில் ஒரு தகராறு இருக்கிறது.