நெட் பேக் காலத்து விளம்பரத் தடுப்பு

2014ல் ஒரு ஜிபி மொபைல் டேட்டாவின் சராசரி விலை சுமார் 269 ரூபாய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கு இது. கோவை சரவணம்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்த பொறியியல் மாணவருக்கும், பக்கத்துக் கீரநத்தத்தில் ஐ.டி. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும் அன்று நெட் பேக் என்பது எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள். ரீசார்ஜ் கடையில் கொடுத்த காசில் ஒரு பங்கு, யாரும் கேட்காத விளம்பரப் படங்களை இறக்குவதற்கே போனது. மேலை நாடுகளில் அந்தரங்கம், வாசகர் உரிமை என்றெல்லாம் பேசப்பட்ட விளம்பரத் தடுப்பு, நம் ஊரில் முதலில் காசுக் கணக்காகத்தான் வேர் பிடித்தது.

இதன் கதை நெட் பேக்குக்கும் முந்தியது. 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. இணைய விளம்பரத்தின் வரலாற்றை அதிலிருந்துதான் தொடங்குவார்கள். இரண்டே ஆண்டுகளில், 1996ல், பிரிவ்நெட் என்ற சிறு நிறுவனம் நெட்ஸ்கேப் உலாவியில் விளம்பரங்களை நீக்கும் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15ல். மாணவர்களுக்குக் கிடைத்த மலிவான ஷெல் கணக்கில் எழுத்து மட்டுமே தெரியும், படமே வராது. முழு இணைப்பு வைத்திருந்தவர்களிலும் பலர், டெலிபோன் பில்லுக்குப் பயந்து நெட்ஸ்கேப்பில் படங்களை அணைத்து வைத்தே படித்தார்கள். விளம்பரத்தைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் விளம்பரம் தடுக்கப்பட்ட காலம் அது.

இன்றைய தடுப்பான்களின் மூதாதை 2002ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சென் எழுதிய ஆட்பிளாக். 2006ல் விளாடிமிர் பாலன்ட் அதைத் திருத்தி ஆட்பிளாக் பிளஸ் ஆக்கினார். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி பல சர்வர்களிடம் பலவற்றைக் கேட்கிறது. அந்த சர்வர்களின் முகவரிகளைத் தடுப்பான் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, விளம்பர சர்வருக்குப் போகும் கோரிக்கையைப் புறப்படும் முன்பே நிறுத்திவிடும். படமும் இறங்காது, டேட்டாவும் கரையாது, வாசகரைப் பின்தொடரும் நிரலும் ஓடாது. ஈஸிலிஸ்ட் போன்ற அந்தப் பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வருபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். இணையத்தில் நன்றி சொல்லப்படாத பெரிய உழைப்புகளில் இது ஒன்று.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களின் கதை. இந்தியாவின் பெருங்கூட்டம் மொபைலில்தான் இணையத்துக்குள் நுழைந்தது. அவர்களுக்குத் தடுப்பைக் கொண்டு சேர்த்தது யூசி பிரவுசர். 2014ல் அலிபாபா வாங்கிய சீன நிறுவனத்தின் தயாரிப்பு அது. பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும், விளம்பரத்தையும் தடுக்கும். குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன், மெதுவான 2ஜி இணைப்பு, சிறிய நெட் பேக் என்ற மூன்றுக்கும் அது பொருந்தியது. இந்திய மொபைல் உலாவிச் சந்தையில் ஏறத்தாழ பாதி ஒரு கட்டத்தில் அதன் கையில் இருந்தது. 2016ல் பேஜ்ஃபேர் வெளியிட்ட அறிக்கை, மொபைலில் விளம்பரத்தைத் தடுப்போர் உலகில் 41.9 கோடிப் பேர், அதில் இந்தியாவில் மட்டும் 12.2 கோடிப் பேர் என்றது. பேஜ்ஃபேர், தடுப்பான்களை முறியடிக்கும் சேவையை விற்ற நிறுவனம். எண்ணைப் பெரிதாகக் காட்டுவதில் அதற்கு ஆதாயம் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஆசிய மொபைல்காரர்கள் ஓசையில்லாமல் செய்த இந்தப் புறக்கணிப்பின் அளவு சிறியதல்ல.

ஆனால் காசை மிச்சப்படுத்திய அதே உலாவி வேறொன்றை எடுத்துக்கொண்டது. பயனரின் இருப்பிடம், தேடல் சொற்கள், சிம் அடையாள எண் போன்றவற்றைச் சரியான மறையாக்கம் இல்லாமல் யூசி பிரவுசர் அனுப்புகிறது என்று டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015 மே மாதத்தில் எடுத்துக்காட்டியது. விளம்பரக்காரரைக் கதவுக்கு வெளியே நிறுத்திய காவலாளி, வீட்டுக்குள் இருந்தபடி கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். 2020 ஜூன் 29ல் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் யூசி பிரவுசரும் ஒன்று. அதற்கு முன்பே அதன் செல்வாக்கு கரைந்திருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018ல் ஒரு ஜிபி விலை 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. டேட்டாவை மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் போனதும், தடுப்பானைத் தேடிப் போகும் முதல் காரணமும் போயிற்று.

அதே 2018ல்தான், பிப்ரவரியில், கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றது. அதுவரை தமிழில் மட்டும் எழுதிய தளத்துக்கு அந்த வருமான வாசல் முறைப்படி திறந்திருக்கவில்லை. அதாவது, நெட் பேக் காலத்தில் தமிழ் வாசகர் விளம்பரத்தைத் தடுத்தபோது அதனால் இழப்பதற்குத் தமிழ்த் தளங்களிடம் அதிகம் இருக்கவில்லை. இன்று அப்படியில்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து நடத்தப்படும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. யூடியூபின் விளம்பர வருமானம் கிராமத்துக்கும் வந்து சேரும் என்பதற்கு அது சாட்சி. 2023ல் யூடியூப் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு வீடியோவை நிறுத்தத் தொடங்கியபோது, கோபப்பட்டவர்களின் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்ததோ, அந்த வருமானத்தில் பிழைப்பவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது.

விளம்பரத்தை நம்பிப் பிழைப்பது செய்தித்தாள்களுக்குப் புதிதல்ல. தி ஹிந்து 1958 வரை தன் முதல் பக்கத்தையே விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தது. விளம்பரம்தான் தாளின் விலையைத் தாங்கியது, வாசகரும் அதைக் குறை சொல்லவில்லை. காரணம் தெளிவு. நாளிதழில் வரும் கோவை வெட் கிரைண்டர் விளம்பரமோ மோட்டார் பம்ப் விளம்பரமோ வாசகர் பையிலிருந்து தனியாகக் காசு எடுக்கவில்லை. அவர் அடுத்து எந்தக் கடைக்குப் போகிறார் என்று பின்னால் வந்து பார்க்கவும் இல்லை. இணைய விளம்பரம் இந்த இரண்டையும் செய்தது. இதைச் சரிசெய்யாமல் தடுப்பான் வைத்திருந்த வாசகருக்குக் கதவைச் சாத்திய செய்தித் தளங்கள் தவறான ஆளைத் தண்டித்தன.

தடுப்பவர்களும் தூயவர்கள் இல்லை. ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஜெர்மனியின் ஐயோ நிறுவனம் 2011ல், உறுத்தாத விளம்பரங்களை அனுமதிப்பது என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கியது. சுங்கச்சாவடி வைக்கிறார்கள் என்று பதிப்பாளர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஆக்சல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஐயோ பக்கம் தீர்ப்பளித்தது. காசு வாங்காத வழியும் இருக்கிறது என்று காட்டியவர் கனடாவின் ரேமண்ட் ஹில். 2014ல் அவர் தொடங்கிய யூபிளாக் ஆரிஜின் நன்கொடைகூட ஏற்பதில்லை. அதற்கும் நெருக்கடி வந்தது: குரோம் நீட்டிப்புகளுக்கான விதிகளை கூகுள் மாற்றி, பழைய முறையில் இயங்கும் தடுப்பான்களை 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தியது. பாதுகாப்புக்காக என்றது கூகுள். ஆனால் உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமே, மிகப் பரவலான உலாவியில் எதைத் தடுக்கலாம் என்று விதி எழுதுகிறது. அந்தக் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது கடினம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பதில் உலா. சென்னையின் ஜோஹோ 2023ல் வெளியிட்ட இந்த உலாவி, விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் வசதியோடே வருகிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு 1 கோடி ரூபாய் ஜோஹோவுக்குக் கிடைத்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் உலாவின் அடித்தளமும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம்தான். யூசி பிரவுசரிடம் கேட்கத் தவறிய கேள்வியை இதனிடமும் கேட்டாக வேண்டும்: தடுப்பது யார், பதிலுக்கு அவர் எடுப்பது என்ன?

தமிழ்ப் பத்திரிகைகள் செய்யக்கூடியதும் உண்டு. கோவைக் கடையின் விளம்பரத்தை இடைத்தரகர் சர்வர் இல்லாமல், பின்தொடரும் நிரல் இல்லாமல், சிறிய படமாகத் தங்கள் தளத்திலிருந்தே காட்டலாம். அச்சில் கொடுத்ததைத்தான் கொடுக்கிறோம் என்று அப்போது வாசகரிடம் துணிந்து சொல்லி, எங்களைத் தடுக்காதீர்கள் என்று கேட்கலாம். அதைக் கட்டித்தரும் திறமை சரவணம்பட்டியிலேயே இருக்கிறது. விளம்பரம் கொடுக்கும் கிரைண்டர், பம்ப் உற்பத்தியாளர்களும் அதே நகரத்தில்தான் இருக்கிறார்கள்.