காணிக்கையின் காவல்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வழிபாட்டிடங்கள் இணையம் வழியே காணிக்கையும் வேண்டுதலும் பெறத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. ஆனால் அடியார் கொடுத்தது உரிய இடத்தைச் சேருமா என்ற கவலை இப்பகுதியில் மிகப் பழையது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான புழற்கோட்டத்தைச் சேர்ந்த திருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கோயில் ஆவணங்களின் பொதுவான நடையே இக்கவலையைக் காட்டும். நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு, ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தவர் யார், அவற்றைப் பெற்று நாள்தோறும் நெய் அளக்க ஒப்பிய இடையர் யார் என்பதைப் பெயர் சொல்லிப் பொறிப்பர். மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையலாகாது என்பதற்காக அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிப்பர். இறுதியில் அறத்தைப் 'பன்மாகேசுவரர்' காவலில், அதாவது சிவனடியார் திரளின் பொறுப்பில், ஒப்படைப்பர். கொடை ஊரறிய இருந்ததே அதற்குக் காவலாயிற்று.

கைக்காசுக்கு இந்தக் காவல் பொருந்தாது. காசைச் சுவரில் பொறிக்க முடியாது என்பது மட்டுமன்று, அதைப் போடுபவர் பலரும் பெயர் வெளிப்படுவதை விரும்புவதில்லை. திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளிக்கப் பொருள் இல்லாதபோது சூதாடி வென்றார் என்றும், வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாமல் சமைப்பவர்களே எடுத்துக்கொள்ளும்படி விட்டார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. சூதை விட்டுவிட்டுப் பார்த்தால், கொடைக்கும் பயனுக்கும் இடையே தம் கைகூடப் படலாகாது என்ற அவருடைய எச்சரிக்கை, பிற்கால அறநிலைச் சட்டங்கள் பல பக்கங்களில் சொல்ல முயன்றதுதான்.

அச்சட்டங்களின் வரலாறு நீண்டது. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அறநிலைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் தந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அரசை விலக்கி அறங்காவலர்களிடமும் குழுக்களிடமும் அதை விட்டது. 1925இல் தனி வாரியத்துக்கு வழி பிறந்து, 1951இல் அது அரசுத் துறையாகி, இன்று 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் நடப்பில் உள்ளது. உண்டியலை நிறுவுவது, காப்பது, கணக்கிடுவது ஆகியவற்றுக்கென்றே 1975இல் விதிகள் வகுக்கப்பட்டன. கருமாரியம்மனின் திருவேற்காட்டிலும் காமாட்சியம்மனின் மாங்காட்டிலும் உண்டியலின் முன் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவன எளியவை: நோட்டை மடித்துப் போட இடம் தரும், ஆனால் விரல் நுழைய இடம் தராத வாய், ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு. ஒருவரே தனித்துத் திறக்க முடியாதபடி சாவிகள் வெவ்வேறு கைகளில் இருக்கும். பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை இடுவதும் உண்டு. திறக்கும் நாளிலோ நிலைமை தலைகீழாகும்: அலுவலர்களும் பக்தர்களும் பார்க்க, காசு விரிப்பில் கொட்டப்பட்டு எண்ணப்படும், தொகை செய்தித்தாளிலும் வரும். போடும்போது மறைவு, எண்ணும்போது வெளிப்படை என்ற இந்த இணைப்பே உண்டியல் முறையின் உயிர்நாடி.

இணையத்தில் இம்முறையின் முதற்பாதி தொடக்கத்தில் இல்லை. ஆவடியில் ஒருவர் கைப்பேசியில் அர்ச்சனைக்குப் பதிவு செய்யும்போது அவர் எழுதியது கோயிலின் கணினியை நேராகச் சென்றடைவதில்லை. கைப்பேசிக் கோபுரம், சேவை நிறுவனத்தின் கருவிகள், சில வேளைகளில் பேருந்து நிலையத்து இலவச வைஃபை எனப் பல கைகளைக் கடந்து செல்கிறது. பழைய இணைப்பில் அது எழுதியபடியே சென்றது. இடையில் உள்ளவர் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். முன்பின் அறியாத இருவர், பிறர் கேட்கும்படியாகவே பேசித் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டிய கணிதமே இதற்கு விடையாயிற்று. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் எஸ்எஸ்எல் என்னும் நெறிமுறையை வெளியிட்டது, 1999இல் அது டிஎல்எஸ் என்று பெயர் மாறியது, இப்போதைய 1.3 பதிப்பு 2018இல் வந்தது. செய்தியைத் திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்கும் வடிவுக்கு மாற்றுவது குறியாக்கம் எனப்படும். அவ்வாறு குறியாக்கம் செய்த இணைப்பில் இயங்கும் தளத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும்.

நெடுநாள் வரை இது வங்கிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. தளத்தின் பெயரை உறுதிசெய்யும் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டியிருந்ததால் சிறிய அறக்கட்டளைகள் அதை நாடவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015இன் இறுதியிலிருந்து சான்றிதழை இலவசமாக வழங்கியது. 2018 ஜூலையில் கூகுள் குரோம் உலாவி, குறியாக்கம் இல்லாத தளம் ஒவ்வொன்றையும் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கத் தொடங்கியது. வழிபாட்டிடங்களின் தளங்கள் மாறியதில் அடியாரின் அந்தரங்கம் பற்றிய அக்கறையைவிட உலாவியின் இந்த எச்சரிக்கைக்கே பங்கு அதிகம் என்று கூறினால் மிகையாகாது.

2016இல் யுபிஐ வந்தபின் பணம் வங்கிச் செயலி வழியே செல்வதால், கோயில் தளத்துக்குக் குறியாக்கம் எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். திருவிழா நிரலும் ஒரு க்யூஆர் குறியும் மட்டுமே உள்ள பக்கத்தில்கூட, இடையில் இருப்பவர் அந்தக் குறியை மாற்றிவிட்டால் காணிக்கை வேறு கணக்குக்குப் போய்விடும். பக்கம் வழியில் மாற்றப்படவில்லை என்ற உறுதியைக் குறியாக்கம் செய்த இணைப்பே தருகிறது. பணத்தைவிட நுண்ணியதும் உண்டு. அர்ச்சனைப் பதிவில் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம். தேவாலயத்தின் செபவிண்ணப்பத்தில் நோய், கடன், பிள்ளையின்மை. திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயிலும் கோல்கொண்டா ஆட்சிக்காலப் பள்ளிவாசலும் ஒரே ஊரில் நிற்கின்றன. இத்தகைய ஊரில் யார் எங்கே என்ன வேண்டினார் என்பது மூன்றாமவர் அறியவேண்டிய செய்தியன்று. அத்தகைய விவரம் தவறான கையில் சிக்கினால் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று: 1940இல் ஜெர்மனி கைப்பற்றிய நெதர்லாந்தில், மதத்தையும் குறித்துவைத்திருந்த நகராட்சிப் பதிவேடுகள் யூதர்களைத் தேடிப்பிடிக்கப் பயன்பட்டன. 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைக்கவேண்டியதாயிற்று. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்போர் அவற்றைத் தக்கவாறு காக்கவேண்டும் என்கிறது.

குறியாக்கத்தின் எல்லையும் அறியத்தக்கது. அது வழியில் செல்வதை மறைக்குமேயன்றிச் சேர்ந்த இடத்தில் உள்ள பதிவேட்டைக் காக்காது. எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பது சேவை நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியவே செய்யும். சான்றிதழ் தளத்தின் பெயருக்குத்தான் சாட்சி, நடத்துபவரின் நேர்மைக்கு அன்று. தமிழகக் கோயில்களின் பெயரில் தனியார் தளங்கள் பணம் வசூலித்த விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. அத்தகைய தளமும் சான்றிதழைப் பெற்றுவிட முடியும். அறநிலையத் துறைக் கோயில்களுக்கு, அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும் முகவரியின் துணை உண்டு. தெருமுனை அம்மன் கோயிலுக்கும் சிறிய சபைக்கும் ஜமாஅத்துக்கும் அது இல்லை.

1964இல் தொழிற்பேட்டை உருவான அம்பத்தூரில் இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. என்டிடி நிறுவனத்தின் வளாகம் 2023இல் திறக்கப்பட்டது. தளத்தின் கணினி அத்தகைய மையத்தில் பத்திரமாக இருந்தாலும், அதன் கடவுச்சொல் பெரும்பாலும் தளத்தை வடிவமைத்துக் கொடுத்த ஒருவரிடமே தங்கிவிடுகிறது. அறங்காவலர் மாறும்போது உண்டியல் சாவி பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்துடன் கைமாறும். கடவுச்சொல் அந்த ஒப்படைப்புப் பட்டியலில் ஏறுவது இன்னும் அரிதாகவே உள்ளது.