மணிக்கு எங்கே இடம்?

மதுராந்தகத்தில் இருக்கிற எங்க பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்னு போன மாசம் பிளான் போட்டோம். பிளான் போட்டது சிவில் இஞ்சினியர். திருத்தம் சொன்னது நான். (நானும் இஞ்சினியர்தான், ஆனா கம்ப்யூட்டர். கொத்தனார் முன்னாடி இதைச் சொல்லிக்கறதில்லை.) ஹால், மாடுலர் கிச்சன், அட்டாச்டு பாத்ரூம், கார் பார்க்கிங் எல்லாம் வந்தாச்சு. அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏண்டா, மணி எங்க படுக்கும்?"

மணி எங்க வீட்டு நாய். பதினோரு வயசு. திண்ணை மூலைதான் அதோட இடம். பிளான்ல திண்ணையே இல்லை.

உடனே நெட்ல தேடினேன். மாடிப்படிக்கு அடியில நாய்க்கு அறை, கிச்சன் டிராயருக்குள்ள சாப்பாட்டுத் தட்டு, பூனை ஏறி நடக்க சுவத்துல பலகை என்று வெளிநாட்டுக்காரர்கள் அசத்துகிறார்கள். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிராணிகளுக்கும் சேர்த்து வீடு கட்டுவது ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி எழுதுகிறார்களே, அதுதான் கொஞ்சம் உறுத்தியது. ஏன்னா, நம்ம தொண்டை நாட்டு வீடுகளைப் பற்றி சங்க காலத்திலேயே ஒருத்தர் விலாவாரியா எழுதி வச்சிருக்கார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைத்தான் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்று, 500 அடி. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கின பாணன், இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் யார் யார் வீடு வரும், அங்கே என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். இந்தக் காலத்து 'ஹவுஸ் டூர்' வீடியோ மாதிரிதான்.

அதில் ஓரிடத்தில் ஆடு மேய்ப்பவர்கள் குடியிருப்பு. முள்வேலி, கழிகளால் கட்டின கதவு. முற்றத்தில் குட்டைக் குட்டையாக முளைகள், அவற்றில் நீளமான கயிறு. வேலிக்குள்ளே செம்மறியும் வெள்ளாடும் படுத்திருக்கும். காவலுக்கு இருப்பவன் தோல் படுக்கையில் தூங்குகிறான். அடுத்து உழவர் வீடு. அங்கே உயரமான நெற்கூடுகள், கன்றுக்குட்டிகள் கட்டின தறிகள். அப்புறம் வருவது மறையோர் வீடு. குட்டையான கால் நட்ட பந்தலில் கன்று கட்டியிருக்கிறது, தரை சாணத்தால் மெழுகியிருக்கிறது, வளர்ப்புக் கிளிக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த இடத்துப் பக்கம் கோழியும் நாயும் நெருங்காது என்றும் ஒரு குறிப்பு!

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, முளை, தறி, பந்தல், தரை எல்லாமே பிராணியையும் கணக்கில் வைத்துச் செய்தவை. இரண்டு, எந்தப் பிராணி எதுவரை வரலாம் என்பது வீட்டுக்கு வீடு மாறியிருக்கிறது. மனிதர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு நாய், கோழி வரைக்கும் நீண்டிருக்கிறது. 'அந்தக் காலத்தில் எல்லா ஜீவனும் சமம்' என்று நாம் கதை விட முடியாது.

நக்கீரரின் நெடுநல்வாடையில் இன்னொரு காட்சி. அடைமழை, குளிர். வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல், பகலா இரவா என்றே தெரியாமல், வீட்டின் மேல் நீட்டியிருக்கும் பலகையில் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பலகைக்குப் பேரே உண்டு, மதலைப் பள்ளி. சுவத்துல பலகை அடிக்கிற ஐடியா அப்படி ஒண்ணும் புதுசில்லை :-)

கல்லில் பார்க்கணும்னா மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபம் போங்க. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பம். ஒருத்தர் உட்கார்ந்து பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. கோவர்த்தன மலையைத் தூக்குகிற கதைக்கு நடுவில் சர்வ சாதாரணமாக ஒரு மாட்டுக் கொட்டகைக் காட்சி.

எங்க பழைய வீட்டிலும் இதே கணக்குதான். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் மாட்டுக் கொட்டகை. அரிசி கழுவின தண்ணி கழுநீர்த் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்கு. சாணம் திரும்பத் தரைக்கு வரும். தரை அழுக்கானா மறுபடி மெழுகினால் போச்சு.

இது எப்படிப் போச்சு? டிராக்டர் வந்ததும் ஏர் மாடு போனது. 1981இல் ஆவின் கூட்டுறவு இணையம் உருவானது. காலையில் பாக்கெட் பால் வாசலுக்கே வந்த பிறகு வீட்டுக்கொரு கறவை மாடு எதற்கு? மாடு போன பிறகு கொட்டகை பாத்ரூம் ஆச்சு, திண்ணை பார்க்கிங் ஆச்சு. வேலை செய்த பிராணிக்கு இருந்த இடம், வேலையோடு சேர்ந்து காணாமல் போய்விட்டது. இப்போ நாய்க்கு ஹாலுக்குள்ளே வர அனுமதி உண்டு, சோபாவில்கூட ஏறலாம். ஆனால் கீழே வழவழ டைல்ஸ். வயசான நாய்க்குக் கால் நாலு பக்கமும் சறுக்குகிறது. பாசம் கூடியிருக்கு, இடம்தான் குறைஞ்சிருக்கு.

(கிளி ஆசை இருந்தால் மறந்துடுங்க. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

சரி, மணி விஷயத்துக்கு வருவோம். இஞ்சினியரிடம் மூணே மூணு கேட்டேன். வாசலில் மூணடி அகலத்துக்குத் திண்ணை, அதன் கீழே உள்ளே போய்ப் படுக்கிற மாதிரி குழிவு. வராண்டாவுக்குச் சொரசொரப்பான தரை. பின்பக்கம் குழாயும், தண்ணி வடிய வாட்டமும். அவர் ஸ்கேலை வச்சுப் பார்த்துட்டு, "சார், கார் நிறுத்த இடம் பத்தாதே" என்றார்.

அதுவரை பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "கார் எங்கய்யா இருக்கு? இவன் வாங்கும்போது பார்த்துக்கலாம். நாய் இப்ப இருக்குதில்ல?"

திருத்தின பிளான் ரெடி. மணி இப்போதைக்குப் பழைய திண்ணையில்தான் தூங்குது.