நியூயார்க் நகரில் வேலை தேடியவர்கள்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரில் பிழைப்புக் கெட்டவனுக்கும் பட்டணம் ஒரு வழி காட்டும் என்பது அதன் கருத்து. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. எல்லா நாட்டு மக்களும் இதே நம்பிக்கையோடு பெருநகரங்களை நாடிச் சென்றிருக்கிறார்கள். கடல் கடந்தும் சென்றிருக்கிறார்கள். ஆனால், வந்தவர் எல்லாரையும் பட்டணம் காத்ததா? யாரைக் காத்தது? யாரைக் கைவிட்டது? வரலாறு பயிலும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை. விடை காண்பதற்கு, 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க் நகரை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனால் விளைந்த பெரும் பஞ்சத்துக்குத் தப்பி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். ஜெர்மனியிலிருந்தும் பெருங்கூட்டம் புறப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் வந்திறங்கிய துறைமுகம் நியூயார்க். கப்பல் கரையை அடைந்ததும் முதலில் அவர்களை வரவேற்றவர்கள் யார் தெரியுமா? ஏமாற்றுக்காரர்கள்! வந்தவனுடைய தாய்மொழியிலேயே இனிமையாகப் பேசுவார்கள். மூட்டையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு விடுதிக்கு நடப்பார்கள். அங்கே கூறிய வாடகை ஒன்று, கேட்கும் வாடகை வேறொன்று. கொடுக்க இயலாதவனின் மூட்டை விடுதிக்காரனுக்குச் சொந்தம். உள்நாட்டுப் பயணத்துக்கென்று செல்லாத சீட்டுகளை விற்பவரும் உண்டு. ஊரில் நிலத்தையும் மாட்டையும் விற்றுக் கொண்டுவந்த பணம், வேலை தேடத் தொடங்கும் முன்பே கரைந்துபோகும்.

இந்தக் கொடுமையைத் தடுக்க நியூயார்க் மாநில அரசு ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்தது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் ஒரு பழைய கோட்டை இருந்தது. அது பிற்காலத்தில் இசையரங்காக மாறிக் காசில் கார்டன் என்று பெயர் பெற்றிருந்தது. 1855-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதனைக் குடியேறுவோர் இறங்கும் நிலையமாக ஆக்கினார்கள். தரகர்கள் உள்ளே நுழைய முடியாதபடி காவல் வைத்தார்கள். நாணயத்தை நேர்மையான விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சரியான கட்டணத்தில் இரயில் சீட்டு வாங்கலாம். இவற்றைவிடச் சிறந்தது அங்கு இயங்கிய வேலைவாய்ப்பு நிலையம். வேலைக்கு ஆள் தேடி வருவோரும், வேலை தேடி வந்தோரும் அங்கே கட்டணமின்றிச் சந்தித்துக்கொண்டனர். 1890 வரை ஏறத்தாழ 80 இலட்சம் மக்கள் அந்த வாயிலைக் கடந்தார்கள்.

வாயிலுக்கு வெளியே என்ன நடந்தது? போட்டி மிகக் கடுமையாக இருந்தது. தினந்தோறும் கப்பல்கள் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. ஆட்கள் பெருகப் பெருகக் கூலி தாழ்ந்தது; முன்பே வந்தவர்கள் பின்னால் வந்தவர்களை வெறுத்தார்கள். 'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டா' என்ற குறிப்போடு பத்திரிகைகளில் வேலை விளம்பரங்கள் வெளிவந்ததுண்டு. இந்நிலையில் புதியவனுக்குத் துணை நின்றவை அவனுடைய நாட்டவர் அமைத்த சங்கங்களே. ஜெர்மானியர் 1784-இலேயே நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டனர். ஐரிஷ்காரர் 1841-இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கத்தாரின் முயற்சியால் 1850-இல் குடியேறியோருக்கான சேமிப்பு வங்கி ஒன்றும் தோன்றியது.

சங்கமோ உறவோ இல்லாதவன் நிலை என்ன? இதனை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குகிறேன். அவர் பெயர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க் நாட்டில் ரீபே என்ற சிற்றூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாக 1849-இல் பிறந்தவர். தச்சுத்தொழில் பயின்றவர், ஆங்கிலமும் ஓரளவு அறிந்தவர். 1870-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 21-ஆம் வயதில், காசில் கார்டனில் வந்திறங்கினார். நண்பர்கள் திரட்டிக் கொடுத்த 40 டாலர் அவர் கையில் இருந்தது. அமெரிக்கா காட்டுவிலங்குகளும் கொள்ளையரும் நிறைந்த நாடு என்று கேள்விப்பட்டிருந்தார் போலும்! அதில் பாதியைக் கொடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நகரில் நடந்தார். அதனை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது என்று ஒரு காவலர் அறிவுரை கூறினார். புதிய ஊரைப் பற்றி நாம் கொண்டு செல்லும் கற்பனை நம் முதற் செலவையே வீணாக்கிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

முதலில் பென்சில்வேனியா மாநிலத்து இரும்பாலை ஒன்றில் ரீஸுக்குத் தச்சுவேலை கிடைத்தது. அதைத் துறந்து, பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் சேரும் ஆவலோடு நியூயார்க் திரும்பினார். அவரைச் சேர்த்துக்கொள்வார் இல்லை. கைப்பணம் தீர்ந்தது. பகலெல்லாம் வேலை கேட்டு அலைந்தார். இரவில் வாசற்படிகளில் உறங்கினார். உடை கிழிந்து முகம் வாடிய பின், தச்சர் என்று அவர் சொன்னாலும் நம்புவோர் இல்லை. வேலை இல்லாமையால் தோற்றம் கெட்டது. தோற்றம் கெட்டதனால் வேலை கிடைக்கவில்லை. இந்தச் சுழலில் அகப்பட்டவன் தன் முயற்சி ஒன்றினால் மட்டும் மீள்வது அரிது.

மழை பெய்த ஓர் இரவில், வீடற்றோர்க்காகக் காவல் நிலையத்தில் ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் அவர் தஞ்சம் புகுந்தார். தெருவில் அவரோடு ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்குட்டியை உள்ளே விடவில்லை. உறங்கும்போது அவர் கழுத்திலிருந்த தங்கப் பதக்கம் களவு போயிற்று. காலையில் முறையிட்டார். 'உன்னைப் போன்ற பரதேசிக்குத் தங்கம் ஏது? நீதான் திருடியிருக்க வேண்டும்' என்னும் பொருள்பட அதிகாரி ஏசி, அவரை வெளியே தள்ளச் செய்தார். வாயிலில் காத்திருந்த நாய் தன் தலைவனைக் காக்கப் பாய்ந்தது. காவலர் அதனைப் படியிலேயே அடித்துக் கொன்றார். ரீஸ் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். இரயில் பாதை வழியே நடந்து பிலடெல்பியா சென்றடைந்தார். அங்கிருந்த டென்மார்க் நாட்டுத் தூதர் அவரைத் தம் வீட்டில் இரு வாரம் வைத்து உணவளித்து, தம் நாட்டவர் வாழ்ந்த ஜேம்ஸ்டவுன் என்னும் ஊருக்கு அனுப்பிவைத்தார்.

இரு நகரங்களிலும் ரீஸின் கையும் கருவியும் ஒன்றே. அவர் அறிவும் ஒன்றே. ஒன்றில் அவரை அறிந்தவர் எவரும் இல்லை; மற்றொன்றில் அவர் சொல்லை நம்பிய ஒருவர் இருந்தார். வேறுபாடு அவ்வளவே! அயலூரில் வேலை தேடுபவனுக்குத் திறமை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அந்தத் திறமையைக் காட்டுவதற்கு அவனுக்கு முதலில் ஒருவருடைய நம்பிக்கை வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

இதற்கிடையே சட்டமும் ஒரு விந்தையான தடையை எழுப்பியது. பிறர் உதவியில் வாழ நேரும் என்று கருதப்படுவோரை உள்ளே விடலாகாது என 1882-இல் சட்டம் பிறந்தது. குறைந்த கூலிக்கு ஒப்பந்தம் பேசி முதலாளிகள் அயல்நாட்டாரைக் கொண்டுவந்தனர். உள்நாட்டுத் தொழிலாளர் இதனை எதிர்த்தமையால் 1885-இல் இன்னொரு சட்டம் பிறந்தது. அதன்படி, சில தொழிலினர் நீங்கலாக, வேலைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு வருதல் குற்றம். 1892-இல் எல்லிஸ் தீவில் புதிய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், அங்கே இவ்விரு சட்டங்களின்படியும் கேள்விகள் எழுந்தன. 'உனக்கு இங்கே வேலை தயாராக இருக்கிறதா?' 'இருக்கிறது' என்றால் ஒப்பந்தக் கூலி என்று திருப்பி அனுப்பலாம். 'இல்லை, கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை' என்றால் பிறருக்குச் சுமையாவான் என்று திருப்பி அனுப்பலாம். வேலை இல்லை, ஆனால் கிடைத்துவிடும் என்று சொல்பவனே தேறினான்! வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்த வரிசையில் குழந்தைகளோடு நின்றவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். இன்று அந்நாட்டில் வேலை செய்வதற்கு அனுமதி பெற விரும்புவோர் பலர், தம்மை அமர்த்திக்கொள்ளும் நிறுவனத்தை முன்கூட்டியே காட்ட வேண்டியிருக்கிறது. அன்று குற்றமாயிருந்தது இன்று தகுதியாகிவிட்டது.

நம் நாட்டவர்க்கும் இக்கதையில் பங்குண்டு. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் கதவை அடைத்தது. 1946-இல் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவில் அது சற்றே திறந்தது. பிறந்த நாட்டைக் கொண்டு அளவு வகுக்கும் முறை 1965-இல் நீக்கப்பட்ட பிறகே நம்மவர் பெருமளவில் அங்கே செல்ல முடிந்தது.

இனி ரீஸின் பிற்கால வாழ்வு. இஸ்திரிப் பெட்டி விற்பது முதலாகப் பல வேலைகள் செய்த அவர், 1877-இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் காவல்துறைச் செய்தியாளரானார். ஏழைக் குடியேறியோர் வாழ்ந்த இருண்ட வீடுகளைப் படம் பிடித்து, 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். நகரம் திடுக்கிட்டது. காவல்துறை ஆணையத்தின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டைத் தாம் அன்று தங்கிய இடத்துக்கே அழைத்துச் சென்று காட்டினார். 1896-இல் ரூஸ்வெல்ட் அத்தகைய காவல் நிலையத் தங்குமிடங்களை மூடச் செய்தார். பழிவாங்கும் எண்ணம் ஒரு சீர்திருத்தமாகக் கனிந்ததை இங்கே காண்கிறோம்.

ஆயினும் வரலாறு ஒருபக்கம் மட்டும் பார்த்தல் தகாது. அதே நூலில் இத்தாலியரையும் யூதரையும் சீனரையும் குறித்து ரீஸ் எழுதியவை, இன்று படிப்போர் வருந்தும் அளவுக்கு இழிவானவை. தாம் ஒரு காலத்தில் வாசற்படியில் உறங்கிய அயலார் என்பதை அவர் மறக்கவில்லை. ஆனால், தமக்குப் பின் வந்த அயலாரையும் தம்மைப் போன்றவராக முழுதும் கருதவில்லை. நேற்று வந்தவன் இன்று வருபவனைத் தாழ்வாக நினைப்பது மனித இயல்பின் பெருங்குறை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை அயல்நாட்டு நகரங்களில் வேலை தேடக்கூடும். செல்லுமுன் அந்நகரைப் பற்றி நன்கு விசாரித்துக்கொள்ளுங்கள். உங்களை அறிந்த ஒருவருடைய முகவரியையேனும் கொண்டு செல்லுங்கள். இனிய சொல்லோடு முதலில் வந்து மூட்டையைத் தூக்குபவனிடம் எச்சரிக்கையாயிருங்கள். செல்லாதவர்க்கும் ஒரு கடமையுண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊர்களுக்கு வந்து கட்டடப் பணியிலும் ஆலைகளிலும் உழைப்போர் எத்தனையோ பேர். அவர்கள் நம் மொழி அறியாமல் நம் வாயிலில் வந்து நின்று வழி கேட்பார்கள். அந்த நேரத்தில், காவல் நிலையத்துப் படியில் நின்ற அதிகாரியைப் போல நடப்பதா, பிலடெல்பியாவில் கதவைத் திறந்த தூதரைப் போல நடப்பதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.