கலத்தை விழுங்கும் கலம்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே மலைமேல் அமைந்த ஹேவாஹெட்ட, இலங்கைத் தேயிலையின் வரலாற்றில் முதலிடம் பெற்ற பகுதியாகும். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் அப்பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்த பின்னர் தேயிலையே மலைநாட்டின் வாழ்வாயிற்று. அவ்வாழ்வைச் சுமக்கத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், வெற்றிலை போடும் வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். அயலிலிருந்த சிங்களக் கிராமங்களிலும் வெற்றிலை கொடுத்து மதிப்பளிப்பது பழைய மரபு. குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிப்போருக்கு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் களைப்பை மறக்கச் செய்யும் துணையாயின. புகையிலையும் அவற்றுடன் சேர்ந்தது.

இத்துணை பகையாகவும் மாறும் என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. கொழும்பில் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஸ்பிட்டல், வெற்றிலை மெல்லுவதற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1923 ஆம் ஆண்டிலேயே எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இல் முடிவு செய்தது. புகையிலை சேராத வெற்றிலைக்கும், தனிப் பாக்குக்குமே அத்தீமை உண்டென்று அதே நிறுவனம் 2004 இல் அறிவித்தது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோயும் இதற்கு முன்னோடியான புண்களும் எவ்வளவு பரவியுள்ளன என்பதை ஆராய்ந்த கட்டுரையொன்று 2007 இல் வெளிவந்தது.

வாய்ப்புற்றின் ஒரு சிறு துணுக்கை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவோர் சிற்சில வேளைகளில் வியப்பான காட்சியொன்றைக் காண்பர். ஒரு கலத்தின் உள்ளே மற்றொரு கலம் முழுமையாக அடங்கிக் கிடக்கும். விழுங்கிய கலத்தின் கரு ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டுப் பிறைபோல் வளைந்திருக்கும். இக்காட்சியின் பொருள் யாது என்னும் வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

கலம் கலத்தை விழுங்குவது தன்னளவில் தீயதன்று. 1882 ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில், உருசிய அறிஞர் மெச்னிக்கொவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளங்குடம்பிக்குள் முள்ளொன்றைச் செருகினார். மறுநாள் காலையில், அலைந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். உடலுக்குள் நுழையும் பகையைச் சூழ்ந்து விழுங்கும் காவற் கலங்கள் உள்ளன என்னும் கொள்கை அதிலிருந்து பிறந்தது. தின்குழியம் என்று இன்று மாணவர் படிப்பது இக்கலத்தையே. 1908 இல் மெச்னிக்கொவ் நோபல் பரிசை ஏர்லிக் என்னும் ஜேர்மானியருடன் பகிர்ந்து கொண்டார்.

அதே காலத்தில் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தோர், நோய்க் கலங்களுக்குள்ளே வட்டமான பொருள்கள் இருப்பதைக் கண்டனர். கிருமியியல் வெற்றிமேல் வெற்றி ஈட்டிய காலம் அது. ஆகவே அவ்வுருண்டைகள் புற்றுநோயை விளைவிக்கும் ஒட்டுண்ணிகளே என்று பலர் எண்ணினர். 1891 இல் ஸ்டைன்ஹவுஸ் என்பவர் இவ்வுள்ளடக்கங்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஒட்டுண்ணிக் கொள்கை நாளடைவில் வலுவிழந்தது. உள்ளிருப்பவற்றுட் பல அயலிலிருந்த கலங்களே என்பது தெளிந்தது. ஆயினும் அதன் காரணம் அறியப்படாமையால், நெடுங்காலம் அஃது ஒரு விந்தையாகவே ஏட்டில் கிடந்தது.

அவ்விந்தையின் கதவு 2007 இல் திறந்தது. ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில் ஓவர்ஹோல்ட்சர், புருகே ஆகியோரின் ஆய்வுக் குழு, பற்றுக்கோடின்றிக் கழன்ற கலம் தானாகவே அயற்கலத்துக்குள் துளைத்து நுழைவதைக் காட்டியது. நுழைந்த கலம் பெரும்பாலும் உள்ளேயே செரிக்கப்பட்டு மடிகிறது. சில வேளைகளில் உயிருடன் வெளியேறவும் செய்கிறது. இந்நிகழ்ச்சிக்கு இரண்டு முகங்கள் உண்டு. கழன்று திரியும் நோய்க் கலம் மடிவதால் நோயின் வளர்ச்சி தடைப்படலாம். ஆனால், விழுங்கிய கலமோ உண்ட கலத்தால் ஊட்டம் பெறுகிறது. உள்ளிருக்கும் சுமை இடையூறாவதால் அது செம்மையாக இரண்டாகப் பிரிய இயலாது, நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிறழ்ந்து மேலும் முரட்டுக் கலங்கள் தோன்றவும் கூடும்.

மருந்துக்கும் இவ்வியல்பு சவாலாகிறது. மருந்தினால் பெருக்கம் நின்றும் சாகாதிருந்த மார்புப் புற்றுக் கலங்கள் சில, அயற்கலங்களை விழுங்கி நெடிது வாழ்ந்தன என்று அமெரிக்காவின் டூலேன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019 இல் வெளியிட்டனர். மறுபுறம், நோய்க் கலங்கள் காவற் கலங்களிடமிருந்து தப்பவும் கற்றுள்ளன. ‘என்னை உண்ணாதே’ என்று அறிவிக்கும் அடையாளப் புரதமொன்றை அவை தம் மேற்பரப்பில் மிகுதியாகத் தாங்குகின்றன. அவ்வடையாளத்தை மறைக்கும் மருந்தொன்று இரத்தப் புற்றுநோய்க்காகப் பெருநம்பிக்கையுடன் சோதிக்கப்பட்டது. பயன் காணாமையால் அதன் பெருஞ்சோதனையொன்று 2023 இல் நிறுத்தப்பட்டது. ஆய்வு தொடர்கிறது; கைக்கெட்டும் மருந்து இன்னும் வரவில்லை.

வாய்ப்புற்றைப் பொறுத்தவரை, இவ்வாறு ஒன்றையொன்று விழுங்கும் கலங்கள் மிகுந்த கட்டிகள் கடுமையாகப் பரவும் இயல்பினவாகக் காணப்படுவதாக இந்திய நோயியலாளர் சிலர் எழுதியுள்ளனர். நுணுக்குக்காட்டியில் அக்காட்சி தோன்றும் வேளையில், கட்டி ஏற்கெனவே உருவாகிவிட்டது என்பதே இதில் உணர வேண்டிய செய்தி. அதற்கு நெடுமுன்னரே, வாயின் உட்புறத்தில் வெண்படையாகவோ செம்படையாகவோ ஆறாப் புண்ணாகவோ, வாய் திறக்க இயலாத இறுக்கமாகவோ நோயின் முன்னறிகுறி பெரும்பாலும் தோன்றிவிடுகிறது. அதைக் காண நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும்.

இது வெறும் நம்பிக்கையன்று. இலங்கையில் ஆரம்ப சுகாதாரப் பணியாளரைப் பயிற்றி இவ்வறிகுறிகளைக் கண்டறியச் செய்யலாம் என்பதை 1984 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கேரளத்தின் திருவனந்தபுர மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005 இல் வெளியாயிற்று. புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததனாலேயே, அவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கலம் கலத்தை விழுங்கும் மருமத்தை அவிழ்க்க ஆய்வுக்கூடங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்படலாம். ஹேவாஹெட்ட மலைச்சரிவின் லயங்களில் வாழ்வோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வெற்றிலைப் பையை ஒதுக்கி வைப்பதும், மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைப் பொறுத்திராது வைத்தியரிடம் காட்டுவதும், கலங்களின் போர் தொடங்குமுன்னரே அதை வெல்லும் வழிகளாகும்.